முள்ளியின் இருமல்

மகன்,

இதை ஆறுதலாக இருந்து வாசி. நான் ஒரே இருப்பில் எழுதவில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் எழும்பி வளவைச் சுற்றி வருகிறேன், கழற்றி வைத்த எஞ்சினின் ஆணிகளைத் தொட்டுப் பார்க்கிறேன், திரும்பவும் வந்து கதிரையில் இருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று உன்னை இரண்டு தரம் கூப்பிட்டேன். முதல் தரம் நீ வேலையில் நின்றாய். இரண்டாம் தரம் மண்டபத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. கடதாசியில் எழுதினால், எழுதியதை நானே திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் உனக்கும் மெலனிக்கும் கலியாணம். தேவாலயத்தில் கலியாணப் பூசைக்கு நீ போய் நிற்கும் முன்னர் ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால், நான் ஒரு பூனையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பூனை வளர்க்கிறேன் என்றால் நீ சிரிப்பாய். உன் அம்மா இந்த வீட்டில் ஒரு பூனை வேண்டுமென்று எத்தனை வருடம் கேட்டாள். "பூனை மயிர் பிள்ளையின்ர நெஞ்சுக்கு ஆகாது" என்று நான்தான் விடவில்லை. அம்மா கண்ணை மூடி ஒரு வருடம் முடிகிற நேரம் முள்ளிக்குளத்துக்கு ஒரு வள்ளத்து எஞ்சின் திருத்தப் போனேன். அந்த வீட்டில் மூன்று குட்டிகள் பெருத்துத் திரிந்தன. நான் வேலை செய்து முடியும்வரை அதில் ஒன்று, சாம்பல் நிறத்தில் மூக்கு மட்டும் வெள்ளையாக இருந்தது, நான் ஆணி கழற்றும் சாவிகள் வைக்கிற பெட்டிக்குள் ஏறிப் படுத்திருந்தது. வீட்டுக்காரி அதைத் தூக்க வந்தாள். "தங்கச்சி, இதை நான் கொண்டுபோகட்டோ?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே புதினம். "கொண்டுபோங்கோ ஐயா, புண்ணியமாப் போகும். வலை முழுக்கக் கடிச்சு வைக்குது" என்றாள். முள்ளிக்குளத்தில் இருந்து வந்ததால் முள்ளி என்று பெயர் வைத்தேன். வந்த அன்றே அது வீடு முழுக்க மணந்து பார்த்துவிட்டு, யன்னலோரம் கிடக்கும் அம்மாவின் கதிரையில் ஏறிச் சுருண்டது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கிழமை இருமல் தொடங்கியது. பூனை இருமும் என்று எனக்குத் தெரியாது. முன்னங்கால்களை அகட்டி நிலத்தோடு பதுங்கி, கழுத்தை நேரே நீட்டி, வயிறு உள்ளே போய்ப் போய் வர, தொண்டைக்குள் ஏதோ அறுபடுவதுபோல ஒரு சத்தம். ஆறு ஏழு முறை. பிறகு ஒன்றையும் கக்காமல் விழுங்கிவிட்டு, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலப் போகும். முதல் நாள் பார்த்துச் சிரித்தேன். அடுத்த நாள் காலையிலும் பின்னேரமும் வந்தது. மூன்றாம் நாள் நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு றெஜினாவை உனக்குத் தெரியும்தானே, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, உது மீன் முள்ளு. சோத்தை உருட்டித் தீத்துங்கோ, இறங்கிப்போகும்" என்றாள். தீத்தினேன். பிறகு, மயிர் விழுங்கியிருக்கும், தேங்காயெண்ணெய் கொடுங்கோ என்றாள். அதையும் கொடுத்தேன். நெஞ்சில் தைலம் தடவினேன். அது தடவியதை நக்கி வாயால் நுரை தள்ளியது. கடைசியாக நான் காய்ச்சலுக்குப் போடும் குளிசையில் பாதியை இடித்துப் பாலில் கலந்து வைத்தேன். நல்ல காலம், அது மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பலவந்தமாகப் பருக்கப் பார்த்தபோது என் கையைக் கீறிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

நாற்பது வருடமாக எஞ்சின் திருத்துகிறவன் நான். எஞ்சின் இருமினால் காது கொடுத்துக் கேட்டே காபரேற்றரா, பிளக்கா, பெற்றோலில் தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். இந்தச் சின்ன உடம்புக்குள் என்ன பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை. வேலை ஓடவில்லை. வளவில் நின்று ஆணி பூட்டும்போதும் காது வீட்டுக்குள்ளேயே இருந்தது. இருமல் கேட்டால் சாவியைப் போட்டுவிட்டு ஓடுவேன். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று ஓடுவேன். இந்த ஓட்டம் எனக்கு முன்பே பழக்கமான ஓட்டம் என்று ஒரு நாள் குசினி வாசலில் நிற்கும்போது விளங்கியது. உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நானும் அம்மாவும் இப்படித்தான் ஓடினோம். அதை நினைத்தவுடன் நான் ஒரு சிகரட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேறு எதையோ யோசிக்கத் தொடங்கினேன். நினைக்கக்கூடாத ஒன்று மனதில் வந்தால் அதைத்தான் நான் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்துவந்தேன்.

ஒரு பழைய மரக்கறிக் கூடையில் துவாயை விரித்து, மேலே வலைத்துண்டு கட்டி, முள்ளியை பஸ்ஸில் மன்னார் மிருக வைத்தியர் கந்தோருக்குக் கொண்டு போனேன். ஆடு, மாடு கொண்டுவந்தவர்களுக்கு நடுவில் நான் ஒரு பூனைக்காரன். வைத்தியர் முக்காடு போட்ட ஒரு இளம் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். வாயைத் திறந்து பார்த்தா. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டா. "முள்ளு ஒண்டும் இல்ல ஐயா. என்ன குடுத்தீங்க இதுவரைக்கும்?" என்றா. நான் வரிசையாகச் சொன்னேன். குளிசை என்றதும் நிமிர்ந்தா. "அதைக் குடிச்சிச்சா?"

"இல்லை பிள்ளை. கீறிப்போட்டு ஓடிட்டுது."

"குடிச்சிருந்தா நீங்க இதை இங்க கொண்டுவந்திருக்கவே மாட்டீங்க. மனிசர்ர குளிசை பூனைக்கு நஞ்சு. பாதியே போதும்."

மகன், நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு உயிரை எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று பார். நாளைக்கு உனக்கும் மெலனிக்கும் ஒரு பிள்ளை பிறந்து அது இருமினால், வேலிக்கு மேலால் வருகிற வைத்தியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போ. போய்விட்டு வந்து அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லு. இந்த இரண்டாவதுதான் முக்கியம். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

அங்கே வைத்துப் பூனை ஒரு தரம்கூட இருமவில்லை. வைத்தியர் புழு மருந்து தந்து, "இருமேக்க போனில வீடியோ எடுத்துக்கொண்டு வாங்க, பாத்தாத்தான் வடிவா விளங்கும்" என்றா. அதற்குப் பிறகு ஒரு கிழமை நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பூனைக்குப் பின்னால் திரிந்தேன். நான் எடுக்கும்போது அது இருமாது. வைத்துவிட்டுத் திரும்பினால் இருமும். கடைசியில் ஒரு பின்னேரம், நான் மேசையில் இருக்கும்போது, அம்மாவின் கதிரையிலிருந்து இறங்கிப் பதுங்கியது. முழுவதையும் எடுத்தேன். ஒரு பெரிய மீன் பிடித்தவன்போல அடுத்த நாள் கொண்டுபோய்க் காட்டினேன். வைத்தியர் அதை இரண்டு தரம் பார்த்தா. மூன்றாம் தரம் பார்க்கும்போது நடுவில் நிறுத்தி, போனை என் பக்கம் திருப்பினா. படத்தின் ஓரத்தில், பூனையின் முதுகுக்கு மேலாக, ஒரு வெள்ளைப் புகை மெல்லமாக மிதந்து போனது.

"இது இழுப்பு வருத்தம் ஐயா. மனிசருக்கு வாறமாதிரித்தான். காத்தில கிடக்கிற ஏதோ ஒண்டு இதுக்கு ஒத்துக்கொள்ளுதில்ல. வீட்டுக்குள்ள ஆராவது சிகரட் குடிக்கிறீங்களா? இந்தப் புகை என்ன?"

நான் சொன்னேன், "அது நுளம்புத்திரி, பிள்ளை. கொசுவுக்குக் கொளுத்துறது."

அவ என்னை ஒரு முறை பார்த்தா. என் சட்டையில் என்ன மணம் இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். "அப்ப நுளம்புத்திரியை நிப்பாட்டுங்க" என்று மட்டும் சொல்லி மருந்து எழுதித் தந்தா. நான் வீட்டுக்கு வந்து நுளம்புத்திரி எல்லாவற்றையும் எடுத்து எறிந்தேன். எறிந்துவிட்டு, பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்த களைப்பில், மேசையடியில் இருந்துகொண்டு ஒரு சிகரட் பற்றவைத்தேன்.

இப்போது நான் இருபது வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். ஒரு முறை எழும்பி நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். சண்டை ஓய்ந்து சமாதானக் காலம் தொடங்கி, பாதை திறந்த முதல் வருடம். உனக்கு ஏழு வயது. மூன்று மாதம் விடாமல் இருமினாய். அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே தூங்கப் பழகிவிட்டாள். மன்னார் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். அன்றைக்கு இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர், நல்ல மனுசன். தமிழ் வராது. எனக்கு நீர்கொழும்பில் வேலை பழகிய காலத்துச் சிங்களம் இருந்தது. அம்மாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் உன் நெஞ்சைச் சோதித்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார், வீட்டில் யார் சிகரட் குடிப்பது என்று. கேட்கும்போது என் சட்டைப் பையைப் பார்த்தார். நான் கையால் பையை மூடிக்கொண்டு, நான்தான் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் இனிக் குடிக்க வேண்டாம். முடிந்தால் விட்டுவிடு. பிள்ளைக்கு மருந்தைவிட அதுதான் மருந்து" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

வெளியில் வந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னவாம்? டொக்டர் என்ன சொன்னவர்?"

மகன், அந்த ஒரு நிமிடத்தில் உண்மை என் வாய்க்குள்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மூன்று மாதம் பிள்ளை இருமியது என்னால் என்று ஆகும். அவள் நடந்துகொண்டே தூங்கியது என்னால் என்று ஆகும். அதைவிட, அவள் அன்றைக்கே என் சிகரட்டைப் பிடுங்கி எறிந்திருப்பாள். நான் சொன்னேன், "கடற்கரைக் காத்தும் கருவாட்டுத் தூசும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லையாம். கொஞ்ச நாளைக்கு உள்ளுக்க எங்கையாவது வைச்சிருக்கட்டாம்."

"எத்தினை நாளைக்காம்?"

"ஒரு மாதம் பாப்பம்."

அப்படித்தான் நீ பாப்பாமோட்டைக்குப் போனாய். பெரியம்மா அங்கே சைவக் குடும்பத்தில் கலியாணம் செய்து, வயல் வீட்டில் பிள்ளை இல்லாமல் இருந்தா. அவவுக்கு நீ வந்தது கோயில் கொடுத்த வரம். உனக்கு இரண்டு கிழமையில் இருமல் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? அந்த வீட்டில் புகைக்கிறவர் ஒருவரும் இல்லை. ஆனால் அது என் பொய்க்குச் சாட்சி சொன்னதுபோல ஆகிவிட்டது. அம்மா எல்லாரிடமும், "டொக்டர் சொன்னது சரிதான், காத்துத்தான் பிழை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு உன்னைக் கூட்டிவந்தோம். நாலாம் நாள் இருமத் தொடங்கினாய். அவளே உன் உடுப்பை அடுக்கிக் கொடுத்தாள். ஒரு மாதம் மூன்று வருடம் ஆனது. நடுவில் நான் விடப் பார்க்காமல் இல்லை. ஒரு தவசு காலத்தில் ஒன்பது நாள் விட்டேன். பத்தாம் நாள் வெடித்த எஞ்சின் ஒன்றோடு சண்டை பிடித்துவிட்டு அடுத்தடுத்து இரண்டு குடித்தேன். வெளியில் போய்க் குடித்திருக்கலாமே என்று நீ கேட்பாய். முதல் நாளே வெளியில் போயிருந்தால், "ஏன் வெளியில?" என்று அம்மா கேட்டிருப்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளையை வெளியில் அனுப்பினேன்.

நீ உன் பங்குக்கு வேறு ஒரு கணக்குப் போட்டாய். அதைக் குறை சொல்ல என்னால் முடியாது. பிள்ளை இல்லாத தன் அக்காவுக்கு அம்மா உன்னைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தாய். யாரோ வயல்காரர்கள் விளையாட்டுக்கு அப்படிச் சொல்லியும் இருக்கிறார்கள். அம்மா சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி உன்னைப் பார்க்க வந்தபோது நீ வயலுக்குள் ஓடி ஒளிந்துகொண்டாய். பத்து வயதில் நான் உன்னைத் திரும்பக் கூட்டிவந்தேன். திரும்பவும் சண்டை வரும், பாதை பூட்டும் என்று கதை அடிபட்டது. நீ இருமினால் திரும்ப அனுப்ப வழி இருக்காது என்ற பயத்தில்தான் நான் எஞ்சின் கொட்டிலுக்குப் போய்ப் புகைக்கப் பழகினேன். நீ இருமவில்லை. ஆனால் அம்மாவை "அம்மா" என்று கூப்பிடாமலே கதைக்கப் பழகியிருந்தாய். "சோறு இருக்கோ?" "நான் போறன்." அவள் ஒருநாளும் உன்னை ஏன் என்று கேட்கவில்லை. நான் திடீரென்று கொட்டிலுக்குப் போனதை அவள் கவனித்தாளா, கவனித்து எல்லாம் விளங்கிக்கொண்டாளா என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ படிக்கப் போனதும் நான் திரும்பவும் வீட்டுக்குள் வந்து புகைக்கத் தொடங்கினேன்.

போன மாதம் நீ போன் எடுத்தாய். மேசையடியில் கதிரையைப் போட்டு இருந்துதான் கதைத்தேன். சோளகக் காற்று மண்ணை அள்ளி எறிந்ததால் யன்னல் எல்லாம் சாத்தியிருந்தேன். "அப்பா, பூசையில அம்மாவின்ர இடத்தில பெரியம்மாவைத்தான் நிப்பாட்டப் போறன்" என்றாய்.

"ஓம், அதுதானே முறை. அம்மா இல்லைத்தானே."

"அம்மா இருந்தாலும் அப்பிடித்தான் செய்திருப்பன். குடுத்தது குடுத்ததுதானே அப்பா."

நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாய். பிறகு மோதிர அளவு, பஸ் பிடிக்கிற விஷயம் எல்லாம் கதைத்தாய். நான் ஓம், ஓம் என்றேன். போனை வைத்ததும் ஒன்று பற்றவைத்தேன். அது முடியும் முன் அடுத்தது. எத்தனை என்று தெரியாது. பூட்டிய அறைக்குள் புகை தலைக்கு மேலே நின்றது. முள்ளி அம்மாவின் கதிரையில் படுத்திருந்தது. அதை நான் மறந்தே போனேன்.

சத்தம் கேட்டுத் திரும்பினால், அது கதிரையிலிருந்து விழுந்து பக்கவாட்டில் கிடந்தது. இருமவில்லை. வாயைத் திறந்து, நாய் மூச்சு விடுவதுபோல, வயிறு அடித்து அடித்து மூச்சு எடுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு நீலமாக இருந்தது. துவாயோடு அள்ளிக்கொண்டு வெளியில் ஓடினேன். றெஜினாவின் மனுசன் ஓட்டோவை எடுத்தான். நகரம்வரை அரை மணி நேரம். நான் அந்தக் குட்டியை நெஞ்சில் அணைக்கவும் பயந்தேன், மகன். என் சட்டை முழுக்க அந்தப் புகைதான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் மேலோடு, அதன் முகத்தை ஓட்டோவுக்கு வெளியில் காற்றுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு போனேன். "கெதியா ஓட்டு, கெதியா ஓட்டு" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு பூனைக்கு இந்தக் கிழவன் இப்படி அழுகிறானே என்று நினைத்திருப்பான்.

கந்தோரைப் பூட்ட ஆயத்தமாக நின்ற வைத்தியர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு உடனே பூனையை வாங்கினா. இரண்டு ஊசி போட்டா. முகத்துக்குக் காற்றுக் குழாய் பிடித்தா. நான் சுவரோடு நின்றேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வயிறு அடிப்பது குறைந்தது. அப்போதுதான் சொன்னேன், "பிள்ளை, அது நுளம்புத்திரி இல்லை. நான்தான் பத்துறனான். வீட்டுக்குள்ள. அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும் ஐயா" என்றா, கையை எடுக்காமல். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்தன்."

ஒரு பொய்யை உடைப்பது இவ்வளவு சின்ன வேலையா என்று எனக்கு இருந்தது. இரண்டு வசனம். யாரும் என்னை அடிக்கவில்லை, கூரை இடிந்து விழவில்லை. இதை ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவிடம் சொல்ல முடியாமல்தானே நான் உன்னை அனுப்பினேன். கந்தோர் வாங்கில் இருந்து, நான் அம்மாவுக்கு அழாத அழுகையையும் சேர்த்து அழுதேன். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் தந்துவிட்டு, குழந்தைகளுக்கு இழுப்பு மருந்து அடிக்கிற முகமூடியும் பம்ப்பும் வாங்கிப் பூனைக்கு எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகக் காட்டித் தந்தா.

அன்றிலிருந்து நான் புகைக்கவில்லை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. எல்லாரிலும் எரிந்து விழுகிறேன், போன கிழமை ஒரு நல்ல வாடிக்கைக்காரனை ஏசி அனுப்பிவிட்டேன். நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சுவர் எல்லாம் கழுவினேன். கழுவிய தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. திரைச்சீலைகளைக் கொளுத்தினேன். காலையும் மாலையும் முள்ளியை மடியில் வைத்து அந்தச் சின்ன முகமூடியைப் பிடிக்கிறேன். அது என்னைக் கீறுகிறது. இருமல் முழுக்கப் போகவில்லை. போகாது என்றும் வைத்தியர் சொல்லியிருக்கிறா. கிழமைக்கு ஒரு தரம், இரண்டு தரம் வரும். வருகிறபோது இப்போதும் ஓடுகிறேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு பாப்பாமோட்டைக்கு பஸ் ஏறினேன். உனக்கு எழுதும் முன்னர் பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவ கலியாணத்துக்குக் கட்ட வாங்கிய சீலையைக் கொண்டுவந்து காட்டினா. நான் சீலையைப் பார்க்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவ சீலையை மெதுவாக மடித்து வைத்தா.

"தம்பி, அவள் ஒவ்வொரு சனியும் வந்து என்ன செய்தவள் எண்டு தெரியுமோ உமக்கு?" என்றா. "பெடியன் ஒளிச்சிடுவான். இவள் கிணத்தடியில இருந்து அவன்ர ஊத்தை உடுப்பை எல்லாம் தோய்ச்சுக் காயப்போட்டிட்டுப் போவாள். அவனுக்குச் சொல்லாதையுங்கோ அக்கா, அவன் நீங்கள் தோய்ச்சது எண்டு நினைச்சுப் போடட்டும் எண்டு சொல்லுவாள். நான் சொல்லேல்லை. எனக்கும் அந்தப் பிள்ளையில ஆசை இருந்தது. அதால சொல்லேல்லை." பிறகு எழும்பி நின்று, "நீர் இண்டைக்கு இந்த வீட்டில தண்ணி குடிக்க வேண்டாம். போய் அவனுக்கு எழுதும். நான் சொல்லமாட்டன். உம்மட கையாலதான் எழுத வேணும்" என்றா. நான் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

ஆகவே எழுதுகிறேன். பூசையில் பெரியம்மாவே நிற்கட்டும். அவ உன்னை வளர்த்தவ, அதில் பிழை இல்லை. நான் வர வேண்டாம் என்று நீ சொன்னால் வரமாட்டேன். மெலனி வீட்டாருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமென்றாலும், தயவுசெய்து பொய்க் காரணம் சொல்லாதே. என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்க வேண்டியவள் ஒருத்தி, உண்மையைக் கேட்காமலே போய்விட்டாள். உன்னிடம் நான் கேட்பது வேறு. "குடுத்தது குடுத்ததுதானே" என்று இனி ஒருவரிடமும் சொல்லாதே. அது நடக்கவில்லை.

என்ன நடந்தது என்றால், உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் திரும்பிய அன்று, உயிலங்குளத்துச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். நல்ல மத்தியான வெயில். எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அவள் வரிசையை விட்டு விலகி, வந்த வழியே, பாப்பாமோட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு கால் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறினாள். "எனக்கு டொக்டரும் வேண்டாம் காத்தும் வேண்டாம். அவன் இருமிறதெண்டா என்ர மடியில கிடந்து இருமட்டும். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள். நடு வீதியில், அத்தனை பேர் பார்க்க, அழுதுகொண்டு நின்றாள். நான் அவள் கையை விடவில்லை. "டொக்டர் சொன்னவர்" என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கை என் கைக்குள் சோர்ந்துபோனது. பிறகு என்னோடு திரும்பி நடந்தாள்.

அம்மா உன்னைக் கொடுக்கவில்லை, மகன். அவள் உன்னைக் கூட்டிவரத் திரும்பி நடந்தவள். மறித்தவன் நான்.

அப்பா